ஜார்ஜ் டவுன், சென்னை

ஜார்ஜ் டவுன் என்பது சென்னை மாநகரின் வடகிழக்கில், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே அமைந்துள்ள பழைய வணிகப் பகுதியாகும். கிழக்கே ராஜாஜி சாலையும் துறைமுகமும், தெற்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும், மேற்கே வால்டாக்ஸ் சாலையும், வடக்கே பழைய சிறைச்சாலை சாலையும் இதன் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. பாரிமுனை, மண்ணடி, சவுகார்பேட்டை, பூக்கடை, கொத்தவால் சாவடி, ஏழுகிணறு ஆகியவை இதற்குள் அடங்கும் பகுதிகள். இன்றைய சென்னை நகரம் இந்தத் தெருக்களிலிருந்தும் கோட்டையிலிருந்தும்தான் வளரத் தொடங்கியது. இங்குள்ள பொதுக் கட்டடங்களில் பல மரபுச் சின்னங்களாக அறியப்பட்டவை. நகரின் பழைய வாழ்க்கை முறைக்குச் சான்றான குடியிருப்பு வீடுகளோ பாதுகாப்பின்றி வேகமாக மறைந்து வருகின்றன.

பெயர்க் காரணம்

ஆங்கிலேயர் கோட்டைக்குள் தாங்கள் வாழ்ந்த பகுதியை 'வெள்ளையர் நகரம்' என்றும், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்றும் குறித்தனர். நில வரைபடங்களிலும் அரசு ஆவணங்களிலும் 'பிளாக் டவுன்' என்ற பெயரே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. வேல்ஸ் இளவரசராக 1906-ல் சென்னைக்கு வந்தவரும் பின்னர் பேரரசராக முடிசூடியவருமான ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக இப்பகுதி 'ஜார்ஜ் டவுன்' எனப் பெயர் மாற்றப்பட்டது. கோட்டையின் பெயரிலும் ஜார்ஜ் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. கோட்டையின் பெயர் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜைக் குறிப்பது. நகரப் பகுதியின் பெயர் மன்னரைக் குறிப்பது.

பேச்சு வழக்கில் உள்ளூர் மக்கள் 'ஜார்ஜ் டவுன்' என்று சொல்வது குறைவு. தெற்கு முனையைப் 'பாரிஸ்' என்றும், மற்ற இடங்களை மண்ணடி, சவுகார்பேட்டை, பூக்கடை என்று அந்தந்தப் பெயராலும் சொல்வதே வழக்கம்.

வரலாறு

முதல் நகரம்

1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி சார்பில் பிரான்சிஸ் டே நிலம் பெற்றார். மறு ஆண்டு கோட்டை கட்டும் பணி தொடங்கியது. கம்பெனிக்கு வேண்டியது ஏற்றுமதிக்கான துணி. எனவே நெசவாளர்கள், சாயம் தோய்ப்பவர்கள், துணியில் அச்சிடுவோர், வணிகர்கள், துபாஷிகள் ஆகியோர் வரிச்சலுகைகள் அளித்து வரவழைக்கப்பட்டனர். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அவர்கள் குடியேறிய இடமே முதல் கறுப்பர் நகரம். இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலம் அதுதான். அந்நகரின் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது.

இந்த முதல் நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்னும் இரு புறநகர்ப் பேட்டைகள் வளர்ந்தன. நகரின் காவல் பொறுப்பைப் பரம்பரையாக வகித்த பெத்த நாயக்கரின் பெயரால் இரண்டாவது பேட்டை அமைந்தது.

வலங்கை, இடங்கைப் பிரிவு

தென்னிந்திய சாதிகளில் நிலவிய வலங்கை, இடங்கைப் பிரிவுகளுக்கிடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் எங்கே குடியிருக்கலாம் என்பன குறித்துப் பூசல்கள் தொடர்ந்தன. 1707-ல் மூண்ட பெரும் மோதலின்போது ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும், முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் எனக் குடியிருப்புகளைப் பிரிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வணிகத்துக்காகத் தோன்றிய ஒரு நகரில் சாதி எல்லை தெருக்களின் எல்லையாகவும் ஆனது இப்படித்தான். நடைமுறையில் இப்பிரிவு முழுமையாக நிலைக்கவில்லை. எனினும் சமூகவாரியான தெரு அமைப்பின் சாயல் நெடுங்காலம் நீடித்தது.

பிரெஞ்சு முற்றுகையும் இடிப்பும்

1746-ல் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. கோட்டைச் சுவருக்கு மிக நெருக்கமாக இருந்த வீடுகள் எதிரிப் படைக்கு மறைவிடமாகும் என்று கருதிய பிரெஞ்சுக்காரர்கள், கறுப்பர் நகரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினர். எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையின்படி 1749-ல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. திரும்பி வந்தவர்களும் அதே காரணத்துக்காக எஞ்சியதை இடித்தனர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757-ல் இடிக்கப்பட்டது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை கவுண்ட் லாலி நடத்திய முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் நகரத் தெருக்களில் புகுந்து அங்கிருந்தே கோட்டையைத் தாக்கினர். முற்றுகை முடிந்ததும் கோட்டையைச் சுற்றிலும் வெட்டவெளி இருந்தாக வேண்டும் என்பதில் கம்பெனி உறுதியானது.

அந்த வெட்டவெளிக்கு 'எஸ்பிளனேடு' என்று பெயர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக விடப்பட்ட நிலம் அது. அதன் எல்லையைக் காட்ட 1773-ல் ஆறு கல்தூண்கள் நடப்பட்டன; அவற்றுக்குத் தெற்கே எவரும் வீடு கட்டக் கூடாது. அவற்றில் ஒன்று மட்டும் பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்றும் உள்ளது.

இடம்பெயர்ந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். இவ்விரு பேட்டைகளும் சேர்ந்ததே இரண்டாவது கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். இடிக்கப்பட்ட கோயிலுக்கு ஈடாகக் கம்பெனி வேறு நிலம் அளித்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியாலும் பொருளுதவியாலும் பூக்கடை அருகே சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அருகருகே இரு கோயில்கள் எழுந்தன. 'பட்டணம் கோயில்' என்று அழைக்கப்படுபவை இவையே.

மதிலும் வால்டாக்ஸ் சாலையும்

1760-களின் பிற்பகுதியில் ஐதர் அலியின் குதிரைப் படை சென்னையின் சுற்றுப்புறம் வரை வந்து சென்றது. அதனால் எழுந்த அச்சத்தில் புதிய நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் கட்டப்பட்டது. ஒப்பந்ததாரர் பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனிப் பொறியாளர். மதிலுக்கான செலவை நகரவாசிகளிடம் வரியாகத் திரட்டக் கம்பெனி எண்ணியது. ஆனால் அந்த வரியை விதிக்கச் சட்டப்படி அதிகாரம் இல்லாததால் திட்டம் கைவிடப்பட்டது. வசூலிக்கப்படாத அந்த வரியின் பெயர் மட்டும் மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு நிலைத்துவிட்டது. வால்டாக்ஸ் சாலை என்பது 'மதில் வரிச் சாலை' என்ற பொருள் கொண்டது. இதன் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் வ. உ. சி. சாலை.

மதில் 19-ஆம் நூற்றாண்டில் படிப்படியாக இடிக்கப்பட்டது. பழைய சிறைச்சாலை சாலையில் 'மாடிப் பூங்கா' என்ற பெயரில் உள்ள மேடான பூங்கா அதன் எஞ்சிய துண்டு. வாயில் எனப் பொருள்படும் 'கவுனி' என்ற சொல்லைத் தாங்கிய யானைக்கவுனி, மதிலில் இருந்த ஒரு வாயிலின் நினைவாக நிற்கிறது.

பிராட்வேயும் ஏழு கிணறும்

இரு பேட்டைகளுக்கும் நடுவே ஒரு பள்ளமும் கழிவுநீர் ஓடையும் இருந்தன. 1778-ல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தத் தாழ்ந்த நிலத்தை வாங்கி மேடாக்கி, நேரான அகன்ற சாலையை அமைத்தார். 'பாப்ஹாம்ஸ் பிராட்வே' என்று பெயர் பெற்ற அச்சாலை இப்போது ஆந்திர முதல்வராக இருந்த த. பிரகாசத்தின் பெயரால் பிரகாசம் சாலை எனப்படுகிறது. அதற்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை.

1772-ல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி நகரின் வடக்கே கிணறுகள் தோண்டப்பட்டு, கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொண்டு செல்லப்பட்டது. அப்பகுதிக்கு ஏழுகிணறு என்று பெயர். வடலூர் வள்ளலார் இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் உள்ளது. அவர் வழிபட்டுப் பாடிய கந்தகோட்டமும் இந்நகரிலேயே உள்ளது.

தெருக்களும் வணிகமும்

ஜார்ஜ் டவுனின் முதன்மைத் தெருக்கள் வடக்கு தெற்காக ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. குறுக்குச் சந்துகள் அவற்றை இணைக்கின்றன. பல தெருக்கள் கம்பெனியோடு வணிகம் செய்த செல்வர்களின் பெயரைத் தாங்கியுள்ளன: தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தேவராஜ முதலித் தெரு முதலியன. வேறு சில தெருக்களின் பெயர்கள் அங்கே வாழ்ந்தோரையும் அவர்கள் தொழிலையும் சொல்கின்றன.

அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த 'அருமேனிக்காரன் தெரு' என்பதே மக்கள் நாவில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. பவளக்காரத் தெரு, மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து இந்திய வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்களோடு தொடர்புடையது. பின்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே தங்கள் விடுதிகளை அமைத்தனர். தங்கசாலைத் தெரு நாணயச் சாலையால் பெயர் பெற்றது. 'சாகூகார்' எனப்பட்ட வட இந்திய வட்டி வணிகர்களால் சவுகார்பேட்டை அமைந்தது. குஜராத்திகள், மார்வாடிகள், சமணர்கள் ஆகியோர் இங்குப் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

ஒரு தெரு, ஒரு சரக்கு என்பது இங்குள்ள வணிகத்தின் இயல்பு.

- கோடவுன் தெரு: மொத்த விலைத் துணி
- ஆண்டர்சன் தெரு: காகிதம், திருமண அழைப்பிதழ்
- நைனியப்ப நாயக்கன் தெரு: வேதிப்பொருள்கள், மருத்துவக் கருவிகள்
- தேவராஜ முதலித் தெரு: கண்ணாடி, சாமி படங்கள்
- பந்தர் தெரு: எழுதுபொருள்கள்
- பத்ரியன் தெரு: பூ

கொத்தவால் சாவடி நகரின் மொத்தக் காய்கறிச் சந்தையாக இருந்தது. நெரிசல் காரணமாக 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. கடற்கரை ரயில் நிலையம் அருகிலுள்ள பர்மா பஜார், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காக உருவானது.

நவீன வங்கித் தொழிலின் வரலாற்றிலும் இப்பகுதிக்கு இடமுண்டு. 1906-ல் ஆர்பத்நாட் வங்கி திவாலாகி, எண்ணற்ற மக்கள் தம் சேமிப்பை இழந்தனர். இந்தியரின் பணத்தை இந்தியரே காக்க வேண்டும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் செல்வர்கள் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பாரிமுனையில் செயல்படத் தொடங்கியது.

வழிபாட்டிடங்கள்

தம்பு செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாள் கோயில் விசுவகர்ம சமூகத்தினரின் நிர்வாகத்தில் உள்ளது. முதலில் கோட்டைப் பகுதியில் இருந்து பின்னர் இங்கு மாற்றப்பட்டது. 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி இங்கு வந்து வழிபட்டார் என்பது கோயில் மரபு. கொத்தவால் சாவடியில் ஆரிய வைசியரின் கன்னிகா பரமேசுவரி கோயிலும், தங்கசாலைப் பகுதியில் சமணக் கோயில்களும், மண்ணடியிலும் அங்கப்ப நாயக்கன் தெருவிலும் பள்ளிவாசல்களும் உள்ளன.

அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மீனிய தேவாலயம் 1712-ல் முதலில் கட்டப்பட்டு, 1772-ல் இப்போதைய இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-ல் சென்னையில்தான் அச்சாகியது. அதை வெளியிட்ட ஹருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்தில் உள்ளது. இன்று சென்னையில் ஆர்மீனியச் சமூகம் என்று சொல்லத்தக்க அளவில் எவரும் இல்லை. அதே தெருவில் கப்புச்சின் துறவிகளின் பணியால் தோன்றிய புனித மரியன்னை இணைப் பேராலயம் உள்ளது. அங்குள்ள அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தினரும் திரளாக வருகின்றனர்.

கட்டடக் கலை

வீடுகள்

ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் தெருப்பக்கம் குறுகியும் பின்புறம் நீண்டும் அமைந்தவை. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்வதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. எனவே வெளிச்சமும் காற்றும் நடு முற்றத்தின் வழியாகவே வந்தன. தெருவை நோக்கித் திண்ணையும் மரத்தூண்களும், உள்ளே ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு என்பது பொது அமைப்பு. வணிகர் வீடுகளில் முன்பகுதி கடையாகவும், பின்பகுதி சரக்கறையாகவும், மாடி குடியிருப்பாகவும் பயன்பட்டன.

கூரை பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் வகையைச் சேர்ந்தது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களை இட்டு, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையால் அடுக்குவர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, இறுதியாகத் தட்டோடு பதிப்பர். இக்கூரை வெயில் காலத்தில் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் நீர் கசிந்து உத்தரத்தின் முனை இற்றுப்போனால் முழுக் கூரையும் பலவீனமாகும். எனவே ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புக் கலவையும், பளிங்கு போல் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் இவ்வீடுகளின் மற்றச் சிறப்புகள்.

பொதுக் கட்டடங்கள்

இப்பகுதியில் மூன்று காலத்துப் பாணிகளைக் காணலாம்.

முதலாவது, கிரேக்கப் பாணி. சைனா பஜாரில் 1850-ல் திறக்கப்பட்ட பச்சையப்பன் மண்டபம், ஏதென்சு நகரின் தீசியஸ் கோயிலை மாதிரியாகக் கொண்டது. வள்ளல் பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளையால் எழுந்த இங்கேதான், 1940-ல் சேத்துப்பட்டுக்கு மாறும்வரை பச்சையப்பன் கல்லூரி இயங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 1844-ல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கமும் கிரேக்க டோரிக் தூண் வடிவில் அமைந்தது.

இரண்டாவது, இந்தோ-சாரசனிக் பாணி. 1892-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் இதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜே. டபிள்யூ. பிராசிங்டன் தொடக்க வரைவைத் தயாரிக்க, ஹென்றி இர்வின் அதை நிறைவு செய்தார். கட்டியவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. செந்நிறச் செங்கல், குமிழ் வடிவக் குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். இதன் உயர்ந்த குவிமாடமே 1894 முதல் 1977-ல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது. ராபர்ட் சிசம் வடிவமைத்த தலைமை அஞ்சலகம் (1884), மெட்ராஸ் வங்கிக்காகக் கட்டப்பட்ட இன்றைய பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடம் (1897), சட்டக் கல்லூரி (1899) ஆகியவையும் இப்பாணியைச் சேர்ந்தவை. சட்டக் கல்லூரி வளாகத்தில், முதல் நகரின் காலத்து ஆங்கிலேயர் இடுகாட்டின் எச்சமாக, ஆளுநர் எலிகு யேலின் இளம் மகன் டேவிட்டின் கல்லறை உள்ளது.

மூன்றாவது, ஆர்ட் டெகோ. 1930-களில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் காப்பீட்டு நிறுவனங்களும் வணிக நிறுவனங்களும் கான்கிரீட்டில் இப்பாணிக் கட்டடங்களை எழுப்பின. 1940-ல் நிறைவடைந்த டேர் ஹவுஸ் அவற்றில் புகழ்பெற்றது. 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வணிகரின் நிறுவனம் இங்கு அமைந்ததால்தான் அந்த முனை பாரிமுனை ஆயிற்று.

துறைமுகமும் மாறிய கடற்கரையும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தன. இன்றைய ராஜாஜி சாலை அப்போது உண்மையாகவே கடற்கரைச் சாலை. 1870-களில் தொடங்கிய துறைமுகப் பணி 1881 புயலில் பெரும் சேதமடைந்து மீண்டும் செய்யப்பட்டது. துறைமுகச் சுவர்கள் கடல் மணலின் போக்கைத் தடுத்ததால், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இத்துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு உள்ளது. நகரவாசிகள் பலர் அஞ்சி ஊரைவிட்டு வெளியேறினர். துணிச்சலும் தந்திரமும் மிக்கவரைத் தமிழில் 'எம்டன்' என்று சொல்வது அந்த இரவின் எச்சம்.

இன்றைய நிலை

2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கொண்ட பட்டியலை அடிப்படையாகக் கொண்டு மரபுப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2012-ல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இவற்றால் அரசுக் கட்டடங்களுக்கும் பெரிய நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்துள்ளது. ஆயினும் அன்னி பெசன்ட் அம்மையாரால் 1915-ல் திறக்கப்பட்டு, சுயாட்சி இயக்கத்தின் மேடையாக விளங்கிய அரண்மனைக்காரன் தெரு கோகலே மண்டபம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட நிலைக்கு வந்தது.

தனியார் வீடுகளின் நிலை இதைவிடக் கடினமானது. பாகப்பிரிவினையில் ஒரே வீடு பல பங்குகளாகிறது. பழைய குறைந்த வாடகையில் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாவதில்லை. மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கொத்தனார்கள் அரிதாகிவிட்டனர். சரக்கறை இடத்துக்குக் கிடைக்கும் வாடகை குடியிருப்புக்குக் கிடைப்பதில்லை. எனவே திண்ணை கடையாகிறது, முற்றம் கூரையிடப்பட்டுக் கிடங்காகிறது, இறுதியில் வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி வணிக வளாகம் எழுகிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவை ஆட்சியாளர்களும் நிறுவனங்களும் கட்டியவை. நெசவாளரும் வணிகரும் துபாஷியும் வாழ்ந்த வீட்டு வகையோ பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

2019 பிப்ரவரி முதல் மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ ரயில் நிலையங்கள் இயங்குகின்றன. பகலில் தள்ளுவண்டிகளும் சுமைதூக்குவோரும் நிறைந்திருக்கும் தெருக்கள் இரவில் வெறிச்சோடுகின்றன. சவுகார்பேட்டையிலும் மண்ணடியிலும் மட்டும் கடைக்கு மேல் குடும்பங்கள் வாழும் பழைய வழக்கம் இன்னும் பரவலாகத் தொடர்கிறது.